எலும்பு கிடைத்துவிட்டது, பெயர் எங்கே கிடைக்கும்?

டெல்லி வாசகர்களின் கேள்விகள் இந்த முறை.

துவாரகாவில் எங்கள் சொசைட்டிக்குப் பக்கத்து மனையில் அஸ்திவாரம் தோண்டும்போது எலும்புகள் வந்தன. போலீஸ் மூட்டை கட்டி எடுத்துப் போனது. மனித எலும்பா என்று சொல்லவே நாளாகுமாம். பார்த்தாலே தெரியாதா சார்?
– வாசகர், துவாரகா

முழு எலும்பாக இருந்தால் தெரியும். தொடை எலும்பின் தலைப்பக்கத்தையோ இடுப்பெலும்பையோ பார்த்து, பழகிய ஆள் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார். ஆனால் ஜேசிபி வாயில் நொறுங்கி விரல் நீளத் துண்டாக வந்தால் கதை வேறு. அதுவும் டெல்லி மண்ணில் கறிக்கடைக் கழிவு எங்கே தோண்டினாலும் கிடைக்கும், ஆடு, எருமை எல்லாம் கலந்து. அந்த மாதிரித் துண்டை மெல்லிசாகச் சீவி மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பார்கள். ஆடு மாடு வேகமாக வளரும் மிருகங்கள், அதனால் அவற்றின் எலும்பில் செங்கல் அடுக்கினது மாதிரி ஒரு அமைப்பு தெரியும். வளர்ந்த மனிதரின் எலும்பில் பெரும்பாலும் வட்ட வட்டமாக இருக்கும். அதற்கும் மசியாத துண்டுக்குத்தான் டிஎன்ஏ.

எனக்குக் கவலை அந்த மூட்டைதான். மண்டையோட்டைத் தூக்கும்போது முன்பற்கள் நழுவி மண்ணிலேயே தங்கிவிடும், ஏனென்றால் அவற்றுக்கு ஒற்றை வேர், பிடிப்பு கம்மி. மணிக்கட்டில் பக்கத்துக்கு எட்டு எலும்பு, பார்த்தால் கூழாங்கல் என்று நினைப்பீர்கள். அந்த இடத்து மண்ணைச் சல்லடையில் சலித்திருக்க வேண்டும். அடுத்த முறை யார் கண்ணில் பட்டாலும் தொடாமல், கழுவாமல், வேலையை நிறுத்திவிட்டு 112-க்குப் போன் போடுங்கள்.

டிவி சீரியலில் மண்டையோட்டைத் திருப்பிப் பார்த்து “27 வயசுப் பெண், உயரம் 5 அடி 3” என்கிறார்களே, நிஜமாகவே முடியுமா?
– வாசகி, ஆர்.கே.புரம்

27 என்று ஒற்றை எண் சொல்கிற ஆளை நம்பாதீர்கள். 22-லிருந்து 30-க்குள் என்று சொன்னால் நம்பலாம். வளரும் வயதில் எலும்பின் முனைகள் தனித் துண்டாக இருந்து பிறகுதான் ஒட்டும். கழுத்துக்குக் கீழே இருக்கும் காறையெலும்பின் உள்முனைதான் உடம்பிலேயே கடைசியாக ஒட்டும், முழுக்க ஒட்ட 30 வயதுவரைகூட ஆகும். அதனால் இளவயதுக்காரர் என்றால் நெருக்கமாகச் சொல்ல வழி உண்டு. குழந்தைகளுக்குப் பல் முளைத்த வரிசையை வைத்து இன்னும் நெருக்கமாகவே சொல்லலாம். நாற்பதைத் தாண்டினால் தேய்மானத்தை வைத்து ஒரு குத்துமதிப்புதான், இருபது வருஷ இடைவெளிகூட விடுவார்கள்.

ஆணா பெண்ணா என்பதற்கு மண்டையோட்டைவிட இடுப்பெலும்பு நல்ல சாட்சி. பிள்ளை பெறுவதற்கான அகலம் அதில் தெரியும். பருவம் வராத சிறுவர் எலும்பில் அதுவும் எடுபடாது. உயரத்துக்குத் தொடை எலும்பை அளப்பார்கள், மொத்த உயரத்தில் ஏறத்தாழ கால்வாசி அது. இதில் ஒரு சிக்கல். 1952-ல் டிராட்டர், கிளெசர் என்ற இருவர் அமெரிக்கர்களை அளந்து போட்ட சூத்திரம்தான் உலகம் முழுக்கப் பிரபலம், அதை அப்படியே நம்மவர்மேல் போட்டால் உயரம் தப்பாக வரும். பஞ்சாபிக்குப் போட்ட கணக்கு திருநெல்வேலிக்காரருக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

எலும்பை வைத்து ஜாதி, மதம் கண்டுபிடிக்கலாமா?
– வாசகர், ஜனக்புரி

முடியாது. அடுத்த கேள்வி.

அதுதான் டிஎன்ஏ வந்துவிட்டதே, இன்னும் எதற்கு எலும்பை அளந்துகொண்டு?
– வாசகர், மயூர் விஹார்

டிஎன்ஏ தானாகப் பெயர் சொல்லாது. ஒப்பிட இன்னொரு மாதிரி வேண்டும், அது யாருடையது என்று தேடத்தான் வயது, உயரம், ஆணா பெண்ணா எல்லாம். பஞ்சாபில் அஜ்னாலா என்ற ஊரில் ஒரு பழைய கிணற்றை 2014-ல் தோண்டி எலும்புகளை எடுத்தார்கள். பற்களின் டிஎன்ஏவையும், குடித்த தண்ணீரைப் பொறுத்து இடத்துக்கு இடம் மாறுகிற, அவற்றில் இருந்த ஆக்சிஜன் வகைகளையும் ஆராய்ந்து, 1857-ல் கொல்லப்பட்ட சிப்பாய்கள், கங்கைச் சமவெளிக்காரர்கள் என்று 2022-ல் ஆய்வு வெளியானது. எந்தப் பக்கத்து ஆட்கள் என்பதுவரை வந்தாயிற்று, ஆனால் எந்தப் பல் எந்தச் சிப்பாயுடையது என்று சொல்ல முடியவில்லை. ஒப்பிட வீட்டார் யாரும் இல்லையே.

இன்னொன்று, நன்றாக வெந்து வெள்ளையாகிப்போன எலும்பில் டிஎன்ஏ பெரும்பாலும் மிஞ்சாது. அப்போது காப்பாற்றுவது பழைய பல் எக்ஸ்ரேவும் முழங்கால் ஆபரேஷனில் வைத்த உலோகத்தின் சீரியல் நம்பரும்தான். டிஸ்சார்ஜ் ஃபைலில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் தருவார்களே, அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

எங்கள் பெரியப்பா சில வருஷம் முன்பு வீட்டைவிட்டுப் போனவர், திரும்பவில்லை. அடையாளம் தெரியாத உடல்களில் தேட முடியுமா? யார் ரத்தம் கொடுக்க வேண்டும்?
– வாசகி, கரோல் பாக்

முதலில் காணவில்லை என்று புகார் பதிவாகியிருக்கிறதா பாருங்கள். “அவராகத்தானே போனார்” என்று விட்டுவிடும் குடும்பங்கள் நிறைய. ஜிப்நெட் என்ற இணையதளத்தில் டெல்லி போலீஸும் பக்கத்து மாநிலப் போலீஸும் அடையாளம் தெரியாத உடல்களின் விவரத்தைப் போடுகிறார்கள், காணாமல்போன தேதிக்குப் பின்னால் உள்ளதை எல்லாம் பாருங்கள். காணாமல்போனவர்களுக்கென்று நாடு முழுக்க ஒரே டிஎன்ஏ வங்கி இருந்தால் வேலை சுலபம். அதற்கும் இடம் கொடுத்த டிஎன்ஏ மசோதா 2019-ல் மக்களவைக்கு வந்தது, 2023-ல் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆகவே நீங்கள்தான் ஸ்டேஷனில் கேட்டு நிற்க வேண்டும்.

மாதிரி கொடுக்க அவருடைய பிள்ளைகளோ பெற்றோரோ இருந்தால் அவர்களே முதலில். இல்லையென்றால், அம்மாவிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வரும் தாய்வழி டிஎன்ஏ பழைய எலும்பிலும் தாக்குப்பிடிக்கும், அது உங்கள் அப்பாவிடம் இருக்கும், அத்தையிடமும் அத்தை பிள்ளைகளிடமும் இருக்கும், பெரியப்பாவின் தாய்மாமன் உயிரோடு இருந்தால் அவரிடமும். உங்களிடம் இருக்காது, உங்களுக்கு வந்தது உங்கள் அம்மாவுடையது. அதனால் அப்பாவை அழைத்துக்கொண்டு போங்கள், பெரியப்பாவின் பல் டாக்டர் யார் என்று பெரியம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள்.