நகர வெப்ப ஆய்வு: மகளின் விருப்பத்துக்கு எதிர்காலம் உண்டா?

கட்டடக்கலைப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கும் தங்கள் மகள், நகரங்களின் டிஜிட்டல் மாதிரிகளைக் கொண்டு வெப்பத்தை ஆராயும் துறைக்குச் செல்ல விரும்புவதாகவும், அப்படியொரு வேலை உண்மையில் இருக்கிறதா என்று தாங்கள் கவலைப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வேலை இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரிலேயே விளம்பரம் வருவது அரிது; நகரத் திட்டமிடல், கட்டட ஆற்றல் ஆலோசனை, காலநிலை ஆய்வு, புவியியல் தகவல் தொழில்நுட்பம் ஆகிய பணிகளுக்குள் அது அடங்கியிருக்கிறது.

நகரம் தன் சுற்றுப்புறத்தைவிட இரவில் கூடுதல் வெப்பமாக இருப்பதை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலேய வானிலை ஆய்வாளர் லூக் ஹோவர்டு லண்டனில் அளந்து காட்டிவிட்டார். இன்று புதிதாக வந்திருப்பது, கட்டடங்களின் உயரம், சுவரின் பொருள், மரங்களின் நிழல் ஆகியவற்றை முப்பரிமாண மாதிரியில் ஏற்றி, தெருத்தெருவாகக் கணக்கிடும் வசதிதான். சிங்கப்பூர் இதற்காகவே நகரக் காலநிலையின் டிஜிட்டல் இரட்டையை (‘டிஜிட்டல் ட்வின்’, அதாவது உண்மையான நகரைக் கணினியில் பிரதிபலிக்கும் மாதிரியை) உருவாக்கும் ஆய்வில் இறங்கியது.

கணக்கைக் கணினி போட்டுவிடும். விடையின் பொருளை மாணவர்தான் சொல்ல வேண்டும். தெருவின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தால் வானம் எவ்வளவு தெரிகிறது என்பதை 0 முதல் 1 வரையிலான எண்ணாக மாதிரி தரும். திறந்த வெளியில் அது 1-ஐ ஒட்டியிருக்கும். உயர்ந்த கட்டடங்களுக்கு இடைப்பட்ட குறுகிய தெருவில் வெகுவாகக் குறைந்துவிடும். அத்தகைய தெரு பகலில் நிழல் தந்து காக்கிறது; இரவிலோ, சுவர்கள் உமிழும் வெப்பம் வானத்துக்குத் தப்ப வழியின்றி அங்கேயே தங்குகிறது. ஒரே எண் பகலில் நன்மையையும் இரவில் தீமையையும் குறிப்பது ஏன் என்று விளக்கத் தெரிந்தவரையே நிறுவனங்கள் தேடுகின்றன.

இன்னொரு இடத்திலும் மாணவர்கள் வழுக்குகிறார்கள். 2013-இல் ஏவப்பட்ட லேண்ட்சாட் 8 செயற்கைக்கோள் 16 நாளுக்கு ஒருமுறை அதே இடத்தை முற்பகலில் கடக்கிறது. அதன் வெப்ப உணரி 100 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தை ஒரே புள்ளியாகத்தான் பார்க்கும். அது காண்பது கூரையும் சாலையும் கொண்ட பரப்பின் வெப்பநிலையைத்தான், நடந்து செல்பவரைச் சூழும் காற்றின் வெப்பநிலையை அல்ல. அந்தப் படங்களிலிருந்து வரைந்த வரைபடத்துக்கு ‘நகரின் வெப்பநிலை’ என்று தலைப்பிட்டுவிட்டால், நேர்காணலில் முதல் கேள்வியே அங்கிருந்துதான் வரும்.

ஆகவே, ‘டிஜிட்டல் ட்வின்’ என்ற சொல்லை மட்டும் முகப்பில் தாங்கிய குறுகியகாலச் சான்றிதழ்களுக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. முதுநிலைப் பாடத்திட்டத்தில் வெப்பப் பரிமாற்றம், எண்முறைக் கணிதம், களஅளவீடு ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கூடவே பைத்தான் நிரலாக்கமும் வேண்டும். வரைபடத் தரவுகளைக் கையாளும் க்யூஜிஐஎஸ் மென்பொருளும் லேண்ட்சாட் படங்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு ஒரே ஒரு தெருவை மாதிரியாக்கி, நேரடி வெயில் படாதவாறு மறைப்பிட்ட வெப்பமானியை அங்கே பொருத்தி, மாதிரி சொல்வதும் கருவி சொல்வதும் எங்கே முரண்படுகின்றன என்று மகள் எழுதட்டும். அந்த வேலை அவருக்குச் சலிப்பூட்டினால் நகரத் திட்டமிடலே பொருத்தமாக இருக்கும். ஆர்வம் கூடினால் முதுநிலைக்கு விண்ணப்பிக்கும்போது அதே அறிக்கையை இணைத்து அனுப்பலாம்.