அழித்து அழித்தே பொழுது போகிறது!

கேள்வி: போஸ்டர் டிசைன் செய்கிறேன். ஒரு கோடு பிசகினாலும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன், எதையும் முடிக்க முடியவில்லை. என்ன செய்வது?

பதில்: தரம் பார்ப்பது தப்பில்லை, வரையும்போதே மார்க் போடுவதுதான் சிக்கல். கொஞ்ச நேரம் மார்க்கே போட முடியாத மாதிரி விளையாடுங்கள். தாளைப் பார்க்காமல், உங்கள் இடது கையை மட்டும் பார்த்து, பேனாவை எடுக்காமல் ஒரே கோட்டில் வரையுங்கள் (பென்சில் வேண்டாம், அழிக்கத் தோன்றும்). கோணலாகத்தான் வரும், வரட்டும். நண்பர்கள் இருந்தால் இன்னும் நல்லது: 1925 வாக்கில் பாரிஸில் சர்ரியலிஸ்டுகள் (கனவு மாதிரி விநோதமாகப் படைத்த கலைஞர்கள்) தாளை மடித்து, ஒருவர் தலை, அடுத்தவர் உடல், இன்னொருவர் கால் என, முன்னவர் வரைந்ததைப் பார்க்காமலேயே வரைந்து விளையாடினார்கள், விரித்தால் வருகிற விநோத உருவத்தில் யார் சொதப்பினார் என்றே கேட்க முடியாது. அப்புறம், இதையெல்லாம் இணையத்தில் போடாதீர்கள், லைக் எண்ணத் தோன்றும். தூக்கம் கெடும் அளவுக்குப் பதற்றம் இருந்தால் மனநல ஆலோசகரைப் பாருங்கள்.