கழுத்தில் கட்டியே இல்லை, பிறகு ஏன் கழுத்திலும் அறுவை?

சுங்கை சிப்புட் வாசகி ஒருவரின் கேள்வி: அம்மாவுக்கு வயது 61. தோட்டத்தில் பால்மரம் சீவியவர். வெற்றிலை, பாக்கு, புகையிலை நெடுநாள் பழக்கம். நாக்கின் வலது ஓரத்தில் 2 செ.மீ. அளவில் புண், பயாப்சியில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. சி.டி. ஸ்கேனில் கழுத்தில் ஒன்றுமில்லை. ஆனாலும் ஈப்போ மருத்துவர் கழுத்திலும் அறுவை செய்ய வேண்டும் என்கிறார். கத்தி பட்டால் நோய் பரவும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். இப்போது நாக்கை மட்டும் செய்துவிட்டு, கழுத்தில் வந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

வேண்டாம். இரண்டையும் ஒன்றாகவே செய்துவிடுங்கள்.

நாக்குப் புற்றுநோய் முதலில் போய்த் தங்குவது பெரும்பாலும் அதே பக்கத்துக் கழுத்தின் நிணநீர்க் கணுக்களில். ‘நெறி கட்டியிருக்கு’ என்று தாடைக்குக் கீழே தடவிப் பார்ப்போமே, அவைதான். கணு வீங்கினால்தான் கைக்குத் தட்டுப்படும். ஓரிரு மில்லிமீட்டர் அளவில் ஒளிந்திருக்கும் நோய் ஸ்கேனிலும் அகப்படாது.

உங்கள் கேள்வியையே அறுவை நிபுணர்கள் பல்லாண்டு காலம் விவாதித்தார்கள். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் அனில் டிகுருஸ் தலைமையிலான குழு 2004இல் இதை நேரடியாகச் சோதிக்கத் தொடங்கியது. வாய்ப் புற்றுநோய் ஆரம்ப நிலையில் இருந்து, கழுத்தில் எதுவும் தெரியாதவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கழுத்தறுவையும் உடனே நடந்தது. மற்றவர்களுக்குக் கணு தெரிந்த பிறகுதான். 500 பேரின் முடிவு 2015இல் வெளிவந்தது. மூன்றாண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் முதல் பிரிவில் 80 விழுக்காடு, காத்திருந்த பிரிவில் 67.5 விழுக்காடு. உடனே அறுவை செய்தவர்களில் ஏறக்குறைய 30 விழுக்காட்டினருக்குக் கணுவில் நோய் ஏற்கெனவே ஒளிந்திருந்தது.

காத்திருந்தவர்களை யாரும் கவனிக்காமல் விட்டுவிடவில்லை. அடிக்கடி வரவழைத்துக் கழுத்தைப் பரிசோதித்தும், நோய் தெரியவந்தபோது பலருக்கு முற்றியிருந்தது. தோட்டத்திலிருந்து ஈப்போவுக்குப் போய்வர யாராவது லீவு எடுக்க வேண்டிய குடும்பத்தில் அந்த அளவுக் கண்காணிப்பு நடக்குமா என்று யோசித்துப் பாருங்கள். கத்தி பட்டால் பரவும் என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

நாக்கிலுள்ள கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று மருத்துவரைக் கேளுங்கள். மேலே எத்தனை அகலம் என்பதைவிட அதுதான் முக்கியம், 3 மி.மீ.க்கு மேல் என்றால் கழுத்தறுவையின் பலன் தெளிவு.

தாடைக்குக் கீழே தோல் மடிப்பில் கீறி, கழுத்தின் மேல், நடுப் பகுதிக் கணுக்களை அவற்றைச் சுற்றியுள்ள கொழுப்போடு எடுப்பார்கள். தாடைக்கு அடியிலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பியும் கூடவே போகும். தோள்பட்டைக்குப் போகும் நரம்பு அங்கேதான் ஓடுகிறது. அதை வெட்டாமல் காப்பாற்றினாலும், இழுபட்டதால் சில மாதம் தோள் பலவீனமாக இருக்கலாம். கொடியில் துணி காயப்போடக் கை மேலே எழாது. சும்மா விட்டால் தோள் இறுகிப்போகும். நீர் வடியக் கழுத்தில் செருகியிருக்கும் குழாயை எடுத்த பின், மருத்துவர் சம்மதித்ததும், சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மெல்ல மேலேறும் பயிற்சியை நாளுக்கு இரண்டு மூன்று வேளை செய்யட்டும். கீழுதட்டின் ஓரம் சற்றுக் கோணலாகத் தெரிந்தால் பெரும்பாலும் தானே சரியாகும்.

அந்தக் குழாயில் ஊறும் நீர் ஒரு நாளைக்கு 30 மி.லி.க்குக் கீழே குறைந்ததும் பொதுவாக அதை எடுத்துவிடுவார்கள். அந்த நீர் பால் போல வெளுத்தால் தாதியிடம் சொல்லுங்கள். கழுத்து திடீரென உப்பினாலோ மூச்சுத் திணறினாலோ அந்த நிமிடமே ஆள் வேண்டும். உள்ளே இரத்தம் கட்டுவதாக இருக்கலாம்.

பிறகு வரும் நோய்க்கூறு அறிக்கையில், எத்தனை கணு எடுத்தார்கள், எத்தனையில் நோய், கணுவின் உறையைத் தாண்டிப் பரவியிருக்கிறதா என்று கேளுங்கள். 18 கணுவுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. உறையைத் தாண்டியிருந்தால் கதிர்வீச்சோடு மருந்தும் சேர்த்துக் கொடுப்பார்கள். கதிர்வீச்சு தேவையென்றால் அறுவை முடிந்து 6 வாரத்துக்குள் தொடங்க வேண்டும். எனவே சொத்தைப் பற்களை இப்போதே காட்டுங்கள். பிடுங்கிய காயம் ஆற இரண்டு வாரமாவது வேண்டும். கதிர்வீச்சுக்குப் பிறகு பிடுங்கினால் தாடை எலும்பே அழுகக்கூடும்.

புகையிலையை மட்டும் விட்டால் போதாது, பாக்கும் புற்றுநோய்க் காரணிதான். அம்மா இரண்டையும் இன்றே நிறுத்தட்டும். வீட்டில் வேறு யார் வெற்றிலை போட்டாலும் கிளினிக் கெசிஹத்தானில் (அரசு சுகாதார நிலையத்தில்) பல் மருத்துவரிடம் வாயைக் காட்டச் சொல்லுங்கள். வெள்ளைத் திட்டோ செந்திட்டோ இரண்டு வாரம் தாண்டியும் மாறாவிட்டால் பயாப்சி தேவையா என்று கேட்டுவிடுங்கள்.