லீசுக்கு லாரி எடுக்கலாமா? கலம்போலியிலிருந்து ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. திருச்செங்கோட்டிலிருந்து மும்பைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. கலம்போலியில் ஒரு சேட்டிடம் பன்னிரண்டு சக்கர லாரி ஓட்டுகிறீர்கள். சம்பளம் 25,000, பேட்டா தனி. இப்போது அதே சேட், 2017 மாடல் வண்டி ஒன்றை லீசுக்குத் தருகிறேன் என்கிறார். முன்பணம் 1.5 லட்சம், மாதம் 65,000; மூன்று வருடம் கட்டி முடித்தால் வண்டி உங்களுக்கே. முன்பணத்துக்கு அம்மாவின் நகையை அடகு வைக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் லாரிக் கணக்கு பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

சேட் போட்டுக் கொடுத்த கணக்கைப் பார்த்தேன். மாதம் நான்கு நடை சென்னை, டீசல், டோல், பேட்டா எல்லாம் போக நடைக்கு 30,000 நிற்கும், ஆக 1.2 லட்சம், தவணை போக உங்கள் கையில் 55,000. அந்த 30,000 என்பதோடு நான் சண்டைக்குப் போகவில்லை, நல்ல ரிட்டர்ன் லோடு கிடைத்தால் நிற்கலாம். நான்கு நடை என்பதுதான் பொய். இங்கிருந்து சென்னை சுமார் 1,330 கிலோமீட்டர். தனியாளாக ஒரு நாளைக்கு 400 கிலோமீட்டர் ஓட்டினாலும் போக மூன்றரை நாள், வர மூன்றரை நாள். இறக்க ஒரு நாள் நிற்பீர்கள், ரிட்டர்ன் லோடுக்கு மாதவரத்தில் ஓரிரு நாள் படுப்பீர்கள், இங்கே வந்து இறக்க இன்னொரு நாள். பத்து பதினோரு நாள் ஆகிவிடும். மாதம் மூன்று நடை ஓடினாலே கெட்டிக்காரர். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கு நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்று 1961-லேயே சட்டம் போட்டார்கள். நான்கு நடைக் கணக்கு எழுதுகிறவர்கள் யாரும் அந்தச் சட்டத்தைப் படித்ததில்லை.

மூன்று நடை என்றால் 90,000. தவணை போக 25,000. இதில்தான் டயர் வருகிறது. புது ரேடியல் ஒன்று 20,000 ரூபாய்க்குக் குறையாது; பன்னிரண்டுக்கு 2.4 லட்சம். இரண்டு வருடம் ஓடுகிறது என்று தாராளமாகவே வைத்தாலும் மாதம் 10,000 ஒதுக்க வேண்டும். தேய்ந்த டயருக்கு மேல்ரப்பர் ஒட்டி ரீட்ரேட் போட்டால் கொஞ்சம் குறையும், ஸ்டெப்னியை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. இந்த எடை வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வருடத்துக்கு 43,950, நேஷனல் பர்மிட் 16,500. இரண்டும் சேர்ந்து மாதம் 5,000. மீதி 10,000. எட்டு வயதைக் கடந்த வண்டி வருடா வருடம் எஃப்சி, அதாவது தகுதிச் சான்று, காட்ட வேண்டும். அந்தச் செலவும், வரி, சர்வீஸ், உடைகிற ஸ்பிரிங் பட்டை, போலீஸ் சலான் எல்லாமும் இந்தப் பத்தாயிரத்துக்குள்தான். இன்று மாதாமாதம் கைக்கு வரும் 25,000-ஐ விட்டுவிட்டு இதற்காகவா நகையை அடகு வைப்பது?

இன்னொரு கூட்டலும் போட்டுப் பாருங்கள். 36 தவணையும் முன்பணமும் சேர்ந்து 24.9 லட்சம். கலம்போலியில் பழைய வண்டி விற்கிறவர்களிடம் 2017 மாடல் பன்னிரண்டு சக்கரம் என்ன விலை என்று சும்மா கேளுங்கள். யாராவது 24 லட்சம் சொன்னால் எனக்கும் தெரியப்படுத்துங்கள், என் பழைய வண்டியை அவரிடமே தள்ளிவிடுகிறேன். தவிர, அந்த மாடல் பெரும்பாலும் பிஎஸ்-4, அதாவது பழைய புகை விதிப்படி செய்த வண்டியாகத்தான் இருக்கும். டெல்லியில் பதிவாகாத பிஎஸ்-4 சரக்கு வண்டி அந்த ஊருக்குள் நுழைய 2026 அக்டோபர் 31 வரைதான் கெடு. வடக்கே நீண்ட லோடு பிடித்துச் சமாளிக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

சங்ககிரியிலிருந்து 2003-இல் இங்கே வந்தவன் நான். 2009-இல் நானும் இப்படித்தான் ஒரு வண்டியை லீசுக்கு எடுத்தேன். 500 ரூபாய் முத்திரைத்தாள்தான் வேண்டும் என்ற கட்டாயமெல்லாம் அப்போது கிடையாது, நூறு ரூபாய்த் தாளில் மராத்தியில் எழுதியிருந்தார்கள். படிக்கத் தெரியாமலே கையெழுத்துப் போட்டேன். பதினொரு மாதம் ஒரு நாள் தவறாமல் தவணை கொடுத்தேன். பன்னிரண்டாவது மாதம், ஓசூருக்கு லோடு ஏற்றிக்கொண்டு போகும்போது கராட் தாண்டி ஒரு ஜீப் மறித்தது. ஃபைனான்ஸ்காரர்களின் ஆட்கள். வண்டி மேல் கடன் இருந்திருக்கிறது. என்னிடம் வாங்கிய பணத்தில் உரிமையாளர் அவர்களுக்குக் கட்டியது மூன்றே தவணை. என் ரசீதுகளைக் காட்டினேன். அதில் ஒருவர் நிதானமாகப் படித்துவிட்டு, பாவம் என்றார், சாவியை வாங்கிக்கொண்டார். லோடுக்காரர் வேறு வண்டி பிடித்த வாடகையையும் என் தலையில்தான் கட்டினார். படுக்கையும் அடுப்பும் டிபன் கேரியருமாக நான் பஸ் ஏறினேன். புதிதாக வாங்கிய தார்ப்பாய் லோடோடு போய்விட்டது. இன்றைக்கும் அந்தத் தார்ப்பாயை நினைத்தால்தான் அதிகம் வலிக்கிறது. ஏன் என்று கேட்காதீர்கள்.

அதனால் ஆர்.சி.யை வாங்கி, ஹைப்போதிகேஷன் பதிவு, அதாவது வண்டி மேல் கடன் இருப்பதாகக் குறிப்பு, இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கடன் கொடுத்தவரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். லீஸ் ஒப்பந்தத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 34 கொடுத்து ஆர்.சி.யில் ஏற்றலாம். சேட் அதற்கு ஒப்புக்கொள்வாரா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பேச்சை மாற்றுவார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(30) பிரிவு, லீஸ் ஒப்பந்தத்தில் வண்டியைக் கையில் வைத்திருப்பவரையும் உரிமையாளர் என்றே சொல்கிறது. விபத்து நடந்து, அந்த நேரம் பார்த்துக் காப்பீடு காலாவதியாகியிருந்தால் வழக்கில் நீங்களும் நிற்க வேண்டியிருக்கும்.

ஓவர்லோடு விஷயமும் அப்படித்தான். பிடிபட்டால் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. சம்பளத்துக்கு ஓட்டும்போது, காண்டாவில், அதாவது எடை மேடையில், எடை கூடினால் சேட்டுக்குப் போன் போட்டு, ஏற்ற மாட்டேன் என்று சொல்ல முடியும். மாதம் 65,000 கட்ட வேண்டியவர் அப்படிச் சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை. கம்பட்கி மலைப்பாதையில் பிரேக் சூடேறிப் புகைந்த வண்டியோடு ஓரம் கட்டி உட்கார்ந்திருந்த இரவு அந்தப் பதினொரு மாதத்தில்தான் வந்தது.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். லோடு யார் கொடுப்பார்கள்? நீங்கள் எழுதியதெல்லாம் வண்டியைப் பற்றித்தான். இப்போது சேட் லோடு பிடிக்கிறார், நீங்கள் ஓட்டுகிறீர்கள். லீசுக்கு எடுத்த மறுநாள் புக்கிங் ஆபீஸ் வாசலில் நிற்கப்போவது நீங்கள். வாடகையில் ஒரு பங்கை அட்வான்சாகத் தருவார்கள். பாக்கி, சரக்கு இறங்கியதற்குக் கையெழுத்தான எல்.ஆர். (லாரி ரசீது) நகல் திரும்பி வந்த பிறகு. அந்தப் பிறகு என்பது ஒரு மாதமாகவும் இருக்கும். அதுவரை அடுத்த நடைக்கு டீசல் அடிக்கப் பணம் வேண்டும். சென்னைக்கு ஒரு வழிக்கே 350 லிட்டர் குடிக்கிற வண்டி. லிட்டர் 90 என்று வைத்தாலும் 31,500. நகை அடகுப் பணம் முன்பணத்தில் போய்விடும், இதற்கு எதை வைப்பீர்கள்? தீபாவளிக்கும் ஹோலிக்கும் ஏற்றி இறக்குகிற ஆட்கள் ஊருக்குப் போய்விட்டால் கலம்போலி முழுக்க வண்டிகள் தூங்கும். தவணைக்கு மட்டும் விடுமுறை கிடையாது.

இது நம் ஊர் சேட்டுகளின் தந்திரம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் கம்பெனிகளே புது ஓட்டுநர்களுக்கு இப்படி லாரி தருகின்றன. அங்கே அரசு அமைத்த குழு 2025 ஜனவரியில், இந்த லீஸ்-பர்ச்சேஸ் முறையைத் தடை செய்ய வேண்டும் என்றே பரிந்துரைத்தது.

இன்னும் இரண்டு வருடம் அடுத்தவர் வண்டியில் ஓட்டுங்கள். இந்தியைத் திருத்திக்கொள்ளுங்கள், மராத்தி படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இறக்குகிற ஒவ்வொரு குடோனிலும் யார் லோடு கொடுக்கிறவர், யார் பாக்கியை இழுக்கிறவர் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டு மூன்று பார்ட்டிகள் சேட்டை விட்டுவிட்டு உங்களுக்கே போன் போடும் நாள் வந்தால், ஒரு பழைய பத்து சக்கர வண்டியை வங்கிக் கடனில் உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். லீஸ்தான் வேண்டும் என்றால், லோடு அவர் தர வேண்டும், டயரும் காப்பீடும் அவருடையதாக இருக்க வேண்டும், ஒரு மாத நோட்டீசில் வண்டியைத் திருப்பிக் கொடுத்து முன்பணத்தை வாங்கிக்கொள்ள வழி இருக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் எழுத்தில் சம்மதித்த ஒருவரை இத்தனை வருடத்தில் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். அவர் பையன்கள் யாரும் தொழிலுக்கு வராததால் வண்டிகளை ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

உங்கள் சேட்டிடமும் கேட்டுவிட்டு, என்ன பதில் சொன்னார் என்று எழுதுங்கள். நகை விஷயத்தை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை என்றால் சொல்லாமலே இருங்கள்.