அதிபர் லிங்கன் 1863 ஜனவரி 1 அன்று விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டதும் அமெரிக்க அடிமைகள் அத்தனை பேரும் விடுதலை ஆகிவிட்டார்களா?

இல்லை. அதே நேரம், "அந்தப் பிரகடனம் ஓர் அடிமையைக்கூட விடுவிக்கவில்லை, வெறும் காகிதம்" என்று சிலர் அடித்துச் சொல்கிறார்களே, அதுவும் தவறு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் விடுதலை கவுன்டி கவுன்டியாக (கவுன்டி என்பது மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி), படை போன வழியில், 1861 மே மாதத்திலிருந்து 1865 டிசம்பர் வரை இழுத்துக்கொண்டே போனது. ஒருவர் எப்போது விடுதலையானார் என்று தெரிய வேண்டுமானால் அவர் எந்தக் கவுன்டியில் இருந்தார், அன்றைக்கு அந்த ஊர் யார் படையின் கையில் இருந்தது, எந்தச் சட்டம் அவருக்குப் பொருந்தியது என்று பார்க்க வேண்டும்.

1860 கணக்கெடுப்பில் அடிமைகள் ஏறத்தாழ 39.5 லட்சம் பேர். அடிமை முறை இருந்த மாநிலங்கள் 15. லிங்கன் தேர்தலில் வென்றதும் தென் கரோலினாவில் தொடங்கி 11 மாநிலங்கள் பிரிந்து போய்த் தனிக் கூட்டமைப்பு அமைத்தன. இதுதான் 'தெற்கு'; லிங்கன் அரசின் தரப்பு 'வடக்கு'. மிச்சம் நான்கு, அதாவது டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசௌரி, அடிமைகளை வைத்துக்கொண்டே வடக்கோடு நின்றன. இந்த நான்கை மறந்துவிட்டுப் படித்தால் பின்னால் வரும் எதுவும் புரியாது.

பிரகடனத்தின் அடிப்படை, அதிபர் முப்படைத் தலைவர் என்ற முறையில் அவருக்கு உள்ள போர்க்கால அதிகாரம். அமைதிக்காலத்தில் ஒரு மாநிலத்தின் அடிமை முறையில் கைவைக்க வாஷிங்டனில் உள்ள மத்திய அரசுக்கு உரிமை இல்லை என்பதுதான் அன்றைய பொதுவான சட்டக் கருத்து. லிங்கனும் அப்படித்தான் சொல்லிவந்தார். எதிரியின் பலத்தைக் குறைக்கும் போர் நடவடிக்கை என்றால் மட்டுமே அது செல்லும். எனவே எதிரியின் பகுதிகளுக்குத்தான் போடலாம். வடக்கோடு நின்ற நான்கு மாநிலங்கள் தொடக்கத்திலேயே வெளியே. டென்னசி முழுவதும் வெளியே. அங்கே மட்டும் 2.75 லட்சம் அடிமைகள். லூசியானாவில் நியூ ஆர்லியன்ஸ் உட்பட 13 பாரிஷ்கள் (அங்கே கவுன்டிக்கு அதுதான் பெயர்) விலக்கு. வர்ஜீனியாவில், பிறகு மேற்கு வர்ஜீனியா ஆகப்போகும் 48 கவுன்டிகளும், அவை தவிர இன்னும் 7 கவுன்டிகளும் விலக்கு. அந்த 13 பாரிஷ்களையும் இந்த 7 கவுன்டிகளையும் பெயர் சொல்லியே பிரகடனத்தில் எழுதியிருக்கிறார்கள். சட்ட ஆவணமாக அதைப் படித்தால் ஒரு நில அளவைக் குறிப்பு போல இருக்கும். அழகான சொற்களை அதில் தேடாதீர்கள்.

அந்த 7 கவுன்டிகளில் ஒன்று எலிசபெத் சிட்டி. விடுதலைக் கதையே தொடங்கிய, வடக்கின் கையில் இருந்த மன்ரோ கோட்டை அங்கேதான் இருந்தது.

1861 மே 23 இரவு ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற மூன்று அடிமைகள் படகேறி அந்தக் கோட்டைக்கு வந்துசேர்ந்தார்கள். தெற்குப் படையின் பீரங்கி மேடைக்கு மண் சுமக்க அவர்களை அனுப்பியிருந்தார்கள். அடுத்து இன்னும் தெற்கே கொண்டுபோகப் போகிறார்கள் என்று தெரிந்ததும் தப்பினார்கள். தப்பியோடிய அடிமையைத் திருப்பித் தர வேண்டும் என்ற 1850ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி, எஜமானர் தரப்பில் ஓர் அதிகாரி வெள்ளைக்கொடியோடு கேட்க வந்தார். கோட்டைத் தளபதி பெஞ்சமின் பட்லர் அடிப்படையில் வக்கீல். "வர்ஜீனியா தன்னை வேறு நாடு என்கிறது. வேறு நாட்டுக்கு எங்கள் சட்டம் எப்படிப் பொருந்தும்? இவர்களை எங்களுக்கு எதிராக வேலை வாங்கினீர்கள், ஆகவே பறிமுதல் செய்யத்தக்க போர்ச் சரக்கு" என்ற பொருளில் பதில் சொல்லி அனுப்பிவிட்டார். எஜமானர்கள் இவர்களைச் சொத்து என்றார்கள். பட்லர் அதே வாதத்தை எடுத்து அவர்கள் மீதே திருப்பினார். சில வாரங்களில் நூற்றுக்கணக்கானோர் கோட்டைக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் விடுதலை பெற்றவர்களா, அரசின் சொத்தா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

பிறகு சட்டம் அவர்கள் பின்னாலேயே வந்தது. 1861 ஆகஸ்ட் 6இல் முதல் பறிமுதல் சட்டம்: எதிரியின் ராணுவ வேலைக்குப் பயன்பட்ட அடிமை மீது எஜமானருக்கு உரிமை போய்விடும். சமையற்காரி, வயல் வேலைக்காரர் இதில் வரமாட்டார்கள். நடைமுறையில் பெரிய குளறுபடி இங்கேதான். ஒரு தளபதி உள்ளே விட்டார்; அடுத்த முகாமின் தளபதி எஜமானரை அழைத்து ஆளை ஒப்படைத்தார். 1862 மார்ச்சில், அப்படி ஒப்படைக்கும் அதிகாரி ராணுவத்திலிருந்து நீக்கப்படுவார் என்று விதி வந்த பிறகுதான் இது ஓரளவு அடங்கியது. ஏப்ரல் 16இல் தலைநகர் வாஷிங்டனில் மட்டும் இழப்பீட்டோடு ஒழிப்பு. ஓர் அடிமைக்குச் சராசரி 300 டாலர் வரை. பணம் எஜமானருக்கு. 3,000க்கும் மேற்பட்டோர் விடுதலையானார்கள். ஜூலை 17இல் இரண்டாம் பறிமுதல் சட்டம்: கலகம் செய்யும் எஜமானரிடமிருந்து தப்பி வடக்குப் படையிடம் வந்துவிட்டால் நிரந்தர விடுதலை.

இவ்வளவும் ஏற்கெனவே இருந்ததென்றால் 1863 பிரகடனம் புதிதாக என்ன செய்தது? மூன்று விஷயம். தப்பி வர வேண்டும் என்ற நிபந்தனை போனது. படை ஊருக்குள் நுழைந்தாலே போதும். எஜமானர் விசுவாசியா கலகக்காரரா என்ற விசாரணை போனது. கறுப்பினத்தவரைப் படையில் சேர்ப்பதாக வெளிப்படையாக அறிவித்தது. அன்றே விடுதலையானவர்களும் உண்டு. தென் கரோலினாவுக்கு விலக்கு எதுவும் இல்லை. அதன் கடலோரத் தீவுகளோ 1861 நவம்பரிலிருந்தே வடக்கின் கையில். பண்ணை முதலாளிகள் ஓடிவிட, ஏறத்தாழ 10,000 அடிமைகள் அங்கேயே நின்றிருந்தார்கள். போர்ட் ராயல் தீவின் சாக்ஸ்டன் முகாமில் ஜனவரி 1 அன்று மாடுகளை முழுசாகச் சுட்டு விருந்து வைத்துப் பிரகடனத்தை வாசித்தார்கள். வாசித்த பிரிஸ்பேன், அதே மாநிலத்தில் ஒருகாலத்தில் அடிமைகளை வைத்திருந்து பிறகு தானே விடுவித்தவர். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது அன்றைக்கே சட்டம்.

மற்ற இடங்களில் நடந்துபோய் வாங்க வேண்டிய விடுதலை. வடக்குப் படை நெருங்குவது தெரிந்ததும் முதலாளிகள் முதலில் செய்தது, வலுவான ஆண்களைப் பொறுக்கி டெக்சாஸ் பக்கம் ஓட்டிச் செல்வது. குழந்தைகளும் முதியவர்களும் பின்தங்கினார்கள். குடும்பங்கள் அப்படித்தான் பிரிந்தன. தெற்கு அரசும் கோட்டை கட்ட ஆட்களைக் கட்டாயமாக எடுத்தது. பண்ணையில் வெள்ளை ஆண்கள் இல்லாவிட்டால் அடிமைகள் கலகம் செய்வார்கள் என்ற பயத்தில், 20 அடிமைகளுக்கு ஒரு வெள்ளையர் வீதம் கட்டாய ராணுவ சேவையிலிருந்து விலக்கு என்று 1862 அக்டோபரில் சட்டம் போட்டார்கள். அடிமையே இல்லாத ஏழை வெள்ளை விவசாயி இதைப் பார்த்து, "பணக்காரன் போர், ஏழை சண்டை" என்று கடுப்பானார். 1863 ஏப்ரலில் தெற்கின் தலைநகர் ரிச்மண்டில் பெண்கள் ரொட்டி கேட்டுக் கடைகளை உடைத்தார்கள். வடக்கில் நிலைமை தங்கமா என்றால் அதுவும் இல்லை. 300 டாலர் கட்டினால் ராணுவ சேவையிலிருந்து தப்பலாம் என்ற விதி அங்கே இருந்தது. அந்த ஜூலையில் நியூயார்க்கில் வெடித்த கலவரத்தில் கோபம் கறுப்பின மக்கள் மீது திரும்பியது. அவர்களுடைய அநாதை இல்லத்தைக் கொளுத்தினார்கள்.

வடக்குப் படை எல்லைக்குள் வந்துசேர்ந்தவர்களை வைத்திருந்த முகாம்களில் சாவு அதிகம். கூடாரமும் மருந்தும் முதலில் சிப்பாய்களுக்குப் போயின. வந்தவர்களிடம் உடுத்திய துணி தவிர எதுவும் இல்லை. கூட்டம், அசுத்தமான தண்ணீர், பெரியம்மை. படை நகர்ந்தால் முகாமையும் கலைத்துவிடுவார்கள்.

வேலை கிடைத்த இடத்திலும் கூலிக் கணக்கைக் கவனிக்க வேண்டும். லூசியானாவில் தளபதி பேங்க்ஸ் 1864 பிப்ரவரியில் போட்ட உத்தரவின்படி முதல்தரக் கூலியாளுக்கு மாதம் 8 டாலர், கோடையில் நாளுக்கு 10 மணி நேரம், குளிர்காலத்தில் 9. கூலியில் பாதியை ஆண்டு முடியும்வரை முதலாளி பிடித்துவைத்துக்கொள்ளலாம். அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது. சாட்டை போனது, சீட்டு போகவில்லை.

ராணுவத்தில் ஏறத்தாழ 1,79,000 கறுப்பினத்தவர் சேர்ந்தார்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர், துணிப்படி தனி. இவர்களுக்கு 10 டாலர், அதில் துணிக்கு 3 பிடித்தம், கைக்கு 7. சில படைப்பிரிவுகள் சமமாகத் தரும்வரை ஒரு காசு வேண்டாம் என்று மாதக்கணக்கில் சம்பளமே வாங்காமல் சண்டை போட்டன. 1864 ஜூனில்தான் சம ஊதியச் சட்டம் வந்தது.

கென்டக்கியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அங்கே பிரகடனம் செல்லாது. அடிமை ஒருவர் விடுதலை பெற நடைமுறையில் இருந்த பெரிய வழி ராணுவத்தில் சேர்வது; 23,000க்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். ஆனால் சேர்ந்தவர் மட்டும்தான் சுதந்திர மனிதர், மனைவியும் பிள்ளைகளும் இன்னும் எஜமானரின் சொத்து. கணவர் போன கோபத்தை எஜமானர் அவர்கள் மீது காட்டுவார். எனவே அவர்களும் லெக்சிங்டனுக்குத் தெற்கே இருந்த நெல்சன் முகாமுக்கு வந்து குடிசை போட்டார்கள். 1864 நவம்பர் கடைசியில், உறைபனிக் குளிரில், தளபதி ஸ்பீட் ஃபிரை ஏறத்தாழ 400 பெண்களையும் குழந்தைகளையும் வெளியேற்றிக் குடிசைகளை அழிக்க வைத்தார். ஜோசப் மில்லர் என்ற சிப்பாய் சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலம் இன்றும் இருக்கிறது. காலை எட்டு மணிவாக்கில் குதிரைக் காவலர் வந்து குடும்பத்தை வண்டியில் ஏறச் சொன்னார். பையனுக்கு உடம்பு சரியில்லை, குளிரில் வெளியே போனால் செத்துவிடுவான் என்று மில்லர் மன்றாடினார். ஏறாவிட்டால் சுடுவேன் என்றார் காவலர். இரவு ஆறு மைல் தள்ளி நிகலஸ்வில்லில் ஒரு பழைய வழிபாட்டுக் கூடத்தில் குடும்பத்தைக் கண்டுபிடித்தார். நாள் முழுக்க யாரும் சாப்பிடவில்லை. இருந்த ஒரே அடுப்பை நெருங்கக்கூட முடியவில்லை. பையன் வண்டியிலிருந்து இறங்கியதுமே இறந்திருந்தான். மறுநாள் அவரே குழி வெட்டிப் புதைத்தார். வெளியேற்றப்பட்டவர்களில் 102 பேர் இறந்தார்கள். இதுபோன்ற வாக்குமூலங்கள் வாஷிங்டனை உலுக்கின. 1865 மார்ச் 3இல் சிப்பாய்களின் மனைவி, பிள்ளைகளுக்கும் விடுதலை என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தீர்மானம் போட்டது. என் பார்வையில் 1863 ஜனவரி 1ஐவிட இந்த மார்ச் 3 பாடப்புத்தகத்தில் அதிக இடம் பெறத் தகுதியானது.

மேரிலாந்து 1864 நவம்பர் 1இலும் மிசௌரி 1865 ஜனவரி 11இலும் தாங்களே ஒழித்தன. டெக்சாஸுக்குப் பெரிய படை போய்ச் சேர்ந்தது 1865 ஜூன் 19இல். தளபதி கிரேஞ்சர் கால்வெஸ்டனில் உத்தரவை அறிவித்த அந்த நாள்தான் இன்று தேசிய விடுமுறை. அதே உத்தரவில், இருக்கும் இடத்திலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை செய்யுங்கள், ராணுவ முகாம்களில் வந்து கூடாதீர்கள் என்றும் எழுதியிருந்தது. கென்டக்கியும் டெலவேரும் கடைசிவரை விடவில்லை. நாடு முழுவதும் அடிமை முறையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 13ஆம் திருத்தம் 1865 டிசம்பர் 6இல் போதுமான மாநிலங்களின் ஒப்புதல் பெற்றபோதுதான் அங்கே முடிந்தது. கென்டக்கி அந்தத் திருத்தத்துக்குத் தன் ஒப்புதலைக் கொடுத்தது 1976இல்!

நிலம் பற்றிக் கேட்பவர்களுக்கு: 1865 ஜனவரியில் தளபதி ஷெர்மன், சவானாவில் 20 கறுப்பின மதகுருமார்களைச் சந்தித்த சில நாளில், கடலோர நிலத்தைக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை பிரிக்க உத்தரவிட்டார். ஏறத்தாழ 40,000 பேர் குடியேறினார்கள். லிங்கனுக்குப் பின் வந்த ஆண்ட்ரூ ஜான்சன் பழைய முதலாளிகளுக்கு மன்னிப்புக் கொடுத்து, நிலத்தையும் அந்த ஆண்டே திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார். நவம்பரில் மிசிசிப்பி போட்ட சட்டங்களில், ஒப்பந்தக் காலம் முடியுமுன் வேலையை விட்டால் அதுவரை சம்பாதித்த கூலி போய்விடும். வேலையில்லாதவர் நாடோடி, அபராதம் கட்டாவிட்டால் அவரை யாரிடமாவது வேலைக்கு விடலாம்.

குறிப்பிட்ட ஒரு குடும்பத்தைத் தேடுகிறவர் 1860இன் அடிமைக் கணக்கெடுப்பில் பெயர் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அதில் எஜமானர் பெயரின் கீழ் வயது, பாலினம், நிறம் மட்டும்தான் இருக்கும். பெரும்பாலானோர் பெயரோடு வருவது 1870 கணக்கெடுப்பில். இடையில் உள்ள பத்தாண்டைத் தாண்ட நல்ல வழி ராணுவக் கோப்புகள். வடக்கோடு நின்ற அடிமை மாநிலங்களின் எஜமானர்கள், விசுவாசிகளாக இருந்தால், படையில் சேர்ந்த அடிமைக்கு 300 டாலர் வரை இழப்பீடு கேட்கலாம் என்பதால், உரிமைச் சான்றும் விடுதலைப் பத்திரமும் சில சிப்பாய்களின் கோப்பிலேயே கிடக்கின்றன. விதவை ஓய்வூதியக் கோப்பு அதைவிடச் செழிப்பானது. அடிமைகளின் திருமணத்துக்குப் பதிவு கிடையாது. எனவே 1864 ஜூலைச் சட்டம், இரண்டு ஆண்டுகளாவது கணவன் மனைவியாக வாழ்ந்ததை நம்பகமான சாட்சிகளின் பிரமாணப் பத்திரத்தால் நிரூபிக்கச் சொன்னது. சாட்சி சொல்ல வந்தவர்கள் பெரும்பாலும் அதே பண்ணையில் வேலை செய்தவர்கள். யார் யாருக்குப் பிறந்தார், எந்த ஆண்டு யாரிடம் விற்கப்பட்டார் என்ற விவரங்களும் அவர்கள் வாயிலாக அந்தக் கோப்புகளில் ஏறியிருக்கின்றன.