கோப்புக்குள் இருப்பதைத் தேடுவது: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் சங்கத் தீர்மானங்கள் பிடிஎஃப் கோப்புகளாக இருக்கின்றன. அப்படியே போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஏற்றினால் தேட முடியுமா?

பதில்: முடியாது. தரவுத்தளத்துக்கு அது வெறும் பைட் குவியல். அப்பாச்சி டிகா போன்ற கருவியால் எழுத்தைப் பிரித்தெடுத்து, அதிலிருந்து டிஎஸ்வெக்டர் (தேடலுக்கான சொற்பட்டியல்) உருவாக்கி, ஜின் இன்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் சுட்டுவரிசை) போடுங்கள். ஒரு டிஎஸ்வெக்டர் 1 எம்பிக்குள் அடங்க வேண்டும். பெரிய கோப்பைப் பக்கம் பக்கமாக ஏற்றுங்கள். விடையோடு பக்க எண்ணும் கிடைக்கும். ஏற்றும் முன், பிரித்தெடுத்த எழுத்தைக் கண்ணால் பாருங்கள்.

கேள்வி: பார்த்தேன். தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக இருக்கின்றன.

பதில்: பாமினி போன்ற பழைய எழுத்துருவாக இருக்கும். திரையில் தமிழ், கோப்புக்குள் ஆங்கிலம். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஏற்றுங்கள். இடையில் உண்மையான ஆங்கில வரிகள் இருந்தால் எழுத்துருவின் பெயரைப் பார்த்துப் பிரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவையும் தமிழாகிக் கெடும்.

கேள்வி: ஸ்கேன் செய்தவை?

பதில்: படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் கருவியில் தமிழ் உண்டு. பிறகு கண்ணால் பாருங்கள்.

கேள்வி: எஸ்கியூலைட் தரவுத்தளத்தின் எஃப்டிஎஸ்5 தேடல் நீட்சியில் 'கிளி' என்று தேடினால் 'கோள்', 'கேளுங்கள்' எல்லாம் வருகின்றனவே?

பதில்: நல்ல கேள்வி. அதன் இயல்பான சொற்பிரிப்பி யூனிகோட்61, எழுத்தையும் எண்ணையும் மட்டுமே சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் அதற்கு இடைவெளி. 'கிளி' என்பது க, ள என இரண்டு துண்டாகிறது; 'கோள்' என்பதும் அதே க, ள. அட்டவணையை உருவாக்கும்போதே 'கேட்டகரீஸ்' விருப்பத்தில் எம்என், எம்சி (கொம்பு, புள்ளி போன்ற குறிகள்) வகைகளையும் சேர்த்துவிடுங்கள். ஏற்கெனவே உருவாக்கியிருந்தால் மறுபடி உருவாக்குவதைத் தவிர வழியில்லை.

கேள்வி: இத்தனை எதற்கு? எழுத்துத் தொடரை அப்படியே தேடும் லைக் போட்டால் போதாதா?

பதில்: 'மரம்' என்று லைக்கில் தேடிப் பாருங்கள். மரத்தை, மரங்கள் இரண்டும் வராது. 'மர' என்று தேடினால் மரபு, மரணம், அமரர் எல்லாம் வந்து நிற்கும். போஸ்ட்கிரெஸ் 12 முதல் விகுதியை வெட்டும் தமிழ் ஸ்னோபால் அகராதி கூடவே வருகிறது.

கேள்வி: அது ஆள்பெயரையும் ஊர்ப்பெயரையும் வெட்டிச் சிதைக்குமே! ஆவணத்தில் தேடுவதே பெயரைத்தான்.

பதில்: பெயர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அதற்காக லைக்குக்குத் திரும்ப வேண்டாம். விகுதியை வெட்டாத 'சிம்பிள்' அமைப்பில் இன்னொரு டிஎஸ்வெக்டர் வைத்து இரண்டிலும் தேடுங்கள். பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதியிருந்தால் சொல்லை மும்மூன்று எழுத்துத் துண்டுகளாக ஒப்பிடும் பிஜி டிரைகிராம் நீட்சி கைகொடுக்கும்.

கேள்வி: டிரைகிராமும் லைக்தானே?

பதில்: லைக்குக்கும் உதவும், எழுத்து ஒப்புமையையும் அளக்கும். இந்த வாதத்தை இத்துடன் விடுவோம்.

கேள்வி: 'கொடி' என்று தேடினால் பாதிதான் கிடைக்கிறது. கண்ணால் பார்த்துவிட்டேன், எல்லாம் ஒன்றுபோலவே இருக்கிறது.

பதில்: இது கண்ணுக்குச் சிக்காது. ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகவும் இருக்கலாம். போஸ்ட்கிரெஸ் 13 முதல், இரண்டையும் ஒரே வடிவமாக்கும் 'நார்மலைஸ்' இருக்கிறது. ஏற்றும்போதும் தேடும்போதும் என்எஃப்சி என்னும் ஒன்றிணைந்த வடிவத்துக்கு மாற்றுங்கள்.

கேள்வி: வேர்டு கோப்பை அப்படியே ஏற்றினால்?

பதில்: முதல் பதில்.

கேள்வி: எக்செல்?

பதில்: முதல் பதிலேதான். ஆனால் அது ஏற்கெனவே அட்டவணை. நெடுவரிசைகளாகவே ஏற்றாமல் ஏன் எழுத்தாக்குகிறீர்கள்?