உடுப்பும் உடம்பும்

வணக்கம் அம்மா,

ஜெர்மனியில் நாஜிகள் நடத்திய பெல்சன் வதைமுகாம் பற்றிய உங்கள் கட்டுரையில் பிரிட்டிஷ் ஓவியர் டோரிஸ் ஸிங்கைசன் வரைந்த 'மனிதச் சலவை' என்ற ஓவியத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அன்று இரவே அந்தப் படத்தைத் தேடிப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை. மறுநாள் அவருடைய மற்ற வேலைகளையும் தேடினேன். அங்கேதான் ஏமாற்றம். இசை நாடகங்களுக்கு உடை, சினிமா நடிகைக்கு கவுன், சொகுசுக் கப்பலில் சுவரோவியம், சீமாட்டிகளின் உருவப்படங்கள். இப்படி ஒரு கை வாய்த்தும் வாழ்நாளின் பெரும்பகுதியை ஜிகினாவுக்கும் சரிகைக்கும் கொடுத்துவிட்டாரே! போர் வந்திருக்காவிட்டால் அவரை யார் நினைத்திருப்பார்கள்?

இதைக் கேட்க எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு. நான் ஆடை வடிவமைப்பு படிக்கிறேன். போன மாதம் எங்கள் கல்லூரி நாடகத்தில் பன்னிரண்டு பேருக்கு உடை தைத்தது நான்தான். வீடு வீடாகப் பழைய வேட்டி வாங்கிச் சாயம் ஏற்றித் தைத்தேன். அப்பா பார்த்துவிட்டு, "இதுக்கா நாலு வருஷம் ஃபீஸ் கட்டுறேன்? தெருமுனை டெய்லர் தைச்சுத் தர மாட்டாரா?" என்றார். அவர் சொன்னது சரியில்லை என்று தெரிகிறது. ஏன் சரியில்லை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

— ஒரு வாசகி
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்)

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை விடவில்லை. "போர் வந்திருக்காவிட்டால் அவரை யார் நினைத்திருப்பார்கள்?" நான் அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன். இருபது வருடம் மேடைக்கு உடை வரைந்திருக்காவிட்டால், பெல்சனில் அவருக்கு அந்தக் காட்சி கண்ணில் பட்டிருக்குமா?

படத்தை இன்னொரு தரம் எடுத்துப் பாருங்கள். அது ஒரு குதிரை லாயம். பெல்சன் முகாமுக்குப் பக்கத்தில் ஜெர்மன் டாங்கிப் படையின் பயிற்சிப் பள்ளி இருந்தது. அதன் லாயம். 1945 ஏப்ரல் 15 அன்று பிரிட்டிஷ் படை முகாமுக்குள் நுழைந்தபோது சுமார் அறுபதாயிரம் பேர் உள்ளே இருந்தார்கள். புதைக்கப்படாமல் கிடந்த பிணங்கள் பத்தாயிரத்துக்கும் மேல். உயிரோடு இருந்தவர்களைப் பசியோடு டைபஸ் காய்ச்சலும் தின்றுகொண்டிருந்தது. அதைப் பரப்புவது பேன். ஆகவே எவரையும் நேராக மருத்துவமனைப் படுக்கைக்குக் கொண்டுபோக முடியாது. முதலில் துணியை உரித்து, முடியை வெட்டி, குளிப்பாட்டி, பேன் மருந்துத் தூள் தூவ வேண்டும். அந்த வேலை இந்த லாயத்தில் நடந்தது. செய்தவர்கள் ஜெர்மன் தாதியர். இந்த இடத்துக்குப் பிரிட்டிஷ்காரர்கள் வைத்த பெயர்தான் 'மனிதச் சலவை'.

டோரிஸ் வரைந்தது இதைத்தான். வரிசையாக மேஜைகள். ஒவ்வொரு மேஜையிலும் எலும்பும் தோலுமாய் ஓர் உடம்பு, ஒட்டுத்துணி இல்லாமல். பக்கத்தில் குனிந்து கழுவுகிற தாதி. வாளிகளில் தண்ணீர். இப்போது அந்தத் தாதியரின் கைகளைப் பாருங்கள். நல்ல சதைப்பிடிப்பான, உருண்டு திரண்ட கைகள். இடுப்பில் இறுக்கிக் கட்டிய ஏப்ரன். கட்டுகிற இடத்தில் துணி எப்படி இழுபடும், அதற்குக் கீழே எப்படி விரியும் என்பதெல்லாம் ஏப்ரன் வெட்டத் தெரிந்தவர் வரைந்த மாதிரியே இருக்கிறது. மேஜை மேல் கிடப்பவர்களுக்கோ மடிப்பு இல்லை, நிறம் இல்லை, மூடிக்கொள்ள ஒரு முழத் துணி இல்லை. ஒரு பக்கம் உடுப்பும் உடம்பும் இருக்கிறவர்கள். இன்னொரு பக்கம் இரண்டையும் பறிகொடுத்தவர்கள். வேறு ஒருவர் என்றால் பிணக்குவியலை மட்டும் வரைந்துவிட்டுத் திரும்பியிருப்பார். டோரிஸும் அதை வரைந்தார், தனிப் படமாக. ஆனால் உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது இந்தப் படம். யார் எதை உடுத்தியிருக்கிறார், யாரிடம் எது இல்லை என்பதை முதலில் பார்க்கிற கண் அவருக்கு இருந்தது. அந்தக் கண்ணைக் கொடுத்தது நீங்கள் குறைசொல்லும் ஜிகினாவும் சரிகையும்தான்.

இன்னொன்றும் எனக்குத் தோன்றும். அவர் குதிரையேற்றத்தில் தேர்ந்தவர். 1934இல் லண்டன் சர்வதேசக் குதிரைக் கண்காட்சியில் கோப்பை வாங்கியவர். லாயம் என்றால் அவருக்குச் சொந்த வீடு மாதிரி. குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டும் இடத்தில் மனிதர்களைத் தேய்த்துக் குளிப்பாட்டியதைப் பார்த்தபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

அவர் பிறந்தது 1890களின் கடைசியில், ஸ்காட்லாந்தில் கிளைடு ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய ரோஸ்னீத் தீபகற்பத்தில். அப்பா கிளாஸ்கோ மர வியாபாரி, பொழுதுபோக்காகப் படம் வரைகிறவர். 1909இல் குடும்பம் லண்டன் பக்கம் குடிபெயர்ந்தது. டோரிஸும் தங்கை ஆனாவும் ஹாரோ ஓவியப் பள்ளியில் படித்து, 1917இல் ராயல் அகாடமி பள்ளிக்கு உதவித்தொகையோடு போனார்கள். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம் என்பதால் டோரிஸ் தொண்டர் தாதியாகவும் வேலை பார்த்தார். பிற்பாடு இது கைகொடுத்தது.

படிப்பு முடிந்ததும் நைஜல் பிளேஃபேர் என்ற நடிகர்–தயாரிப்பாளரிடம் சேர்ந்தார். 1924இல் பிளேஃபேர், காங்கிரீவ் என்ற நாடகாசிரியரின் 1700ஆம் ஆண்டு நகைச்சுவை நாடகம் ஒன்றை லண்டன் ஹாமர்ஸ்மித் லிரிக் அரங்கில் போட்டபோது, நடிகை எடித் எவான்ஸ் ஏற்ற மிலமன்ட் என்ற நாயகி பாத்திரத்துக்கு உடை வரைந்தது டோரிஸ். பிறகு தயாரிப்பாளர் சார்லஸ் காக்ரனின் இசைக் காட்சிகள், ஹெர்பர்ட் வில்காக்ஸ் எடுத்த படங்களில் நடிகை ஆனா நீகிளின் உடைகள், 1936இல் ஹாலிவுட்டின் 'ஷோ போட்' படம். அந்தப் படத்தின் இயக்குநர் ஜேம்ஸ் வேல், இருபதுகளின் தொடக்கத்தில் டோரிஸோடு நிச்சயம் ஆகிப் பிரிந்தவர். அவரோடு கல்யாணம் நடக்கவில்லை. ஆனாலும் தன் படத்துக்கு உடை என்று வந்தபோது வேல் அவரைத்தான் கூப்பிட்டார்.

உருவப்படங்களையும் லேசாகத் தள்ளிவிடாதீர்கள். பாரிஸின் 'சலோன்' ஓவியக் கண்காட்சியில் 1929இல் வெண்கலம், 1930இல் வெள்ளி, 1934இல் தங்கம். அவர் தன்னையே வரைந்துகொண்ட படம் லண்டன் தேசிய உருவப்படக் கூடத்தில் இருக்கிறது. பூவேலை செய்த சால்வை தோளிலிருந்து சரிகிற விதத்தைப் பாருங்கள். துணியின் கனம் தெரியும்.

இனி, அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது என்பதற்கு வருகிறேன். தெருமுனை டெய்லரை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். என் ரவிக்கைகளெல்லாம் அப்படி ஒருவர் தைத்தவைதான். ஆனால் அவர் தைப்பது கையெட்டும் தூரத்தில் நின்று பார்ப்பவருக்காக. மேடை உடையைப் பார்க்கிறவர் எண்பதடி தள்ளி, மாடத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு முகம் தெரியாது, தையல் தெரியாது. முதலில் தெரிவது வடிவம். தோள் அகலமா ஒடுக்கமா, இடுப்பு எங்கே முடிகிறது, கால் எங்கே தொடங்குகிறது. அந்த ஒரு கோட்டில் இவள் ராணியா வேலைக்காரியா, நல்லவளா சூதுக்காரியா என்று சொல்லியாக வேண்டும். அப்புறம் விளக்கு. கடையில் பார்த்த நீலம், மேடையின் மஞ்சள் விளக்கில் செத்துச் சாம்பலாகிவிடும். பச்சை விளக்கில் சிவப்பு, கறுப்பாகத் தெரியும். பாடுகிறவளுக்கு விலா விரிய இடம் விட வேண்டும். ஆடுகிறவளுக்கு முழங்கால் தடுக்கக் கூடாது. இரண்டு நிமிடத்தில் மாற்ற வேண்டிய உடை என்றால் பொத்தான் கூடாது, கொக்கிதான். விலையுயர்ந்த பட்டு வேண்டியதில்லை, முரட்டுத் துணியில் சாயமும் தூரிகையும் பட்டால் போதும், தூரத்துக்கு ஜரிகைப் பட்டாகிவிடும். நீங்கள் வேட்டிகளுக்குச் சாயம் ஏற்றியது இந்தப் பரம்பரைதான். டோரிஸ் தன் அனுபவத்தை வைத்து 1938இல் மேடை வடிவமைப்பு பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

கப்பல் ஓவியத்தைச் 'சொகுசு' என்று ஒதுக்கியிருக்கிறீர்கள். அந்தக் கப்பல் 'குவீன் மேரி'. அவர் பிறந்த அதே கிளைடு ஆற்றங்கரையில், கிளைடுபேங்கில் கட்டியது. உலகப் பொருளாதார வீழ்ச்சியால் 1931 டிசம்பரில் வேலை நின்றுபோய், பாதி கட்டிய கப்பல் இரண்டு வருடத்துக்கும் மேல் துருப்பிடித்து நின்றது. கிளைடுபேங்க் முழுக்க அடுப்பு எரியாத வீடுகள். 1934இல் மறுபடி சுத்தியல் சத்தம் கேட்டபோது அந்த ஊருக்கு அது வெறும் பணக்காரர் கப்பலாக இருந்திருக்காது. அதன் வராந்தா கிரில் உணவகத்தில் சர்க்கஸ்காரர்களையும் நாடகக்காரர்களையும் சுவர் நிறைய வரைந்தார் டோரிஸ். சிவப்பு வெல்வெட் திரை, கறுப்புக் கம்பளம், இசைக்கேற்ப நிறம் மாறும் விளக்குகள் பொருத்திய கைப்பிடித் தடுப்பு. அறையையே ஒரு மேடையாக்கிவிட்டார். இன்று அந்தக் கப்பல் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் நிற்கிறது. ஓவியம் இன்னும் அதில் இருக்கிறது.

இரண்டாம் போர் வந்ததும் மறுபடி தாதி உடுப்பு. காலையில் பாடிங்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் குண்டுவீச்சில் அடிபட்டு வருகிறவர்களைப் பார்ப்பது, மத்தியானம் வரைவது. 1944இல் லண்டனின் ஓல்டு விக் நாடகக் குழு ஷேக்ஸ்பியரின் 'மூன்றாம் ரிச்சர்டு' போட்டபோது நடிகர் லாரன்ஸ் ஒலிவியேவின் கூன் விழுந்த அரசனுக்கு உடை கொடுத்தவரும் அவர்தான். ஓல்டு விக் அரங்கம் ஏற்கெனவே குண்டில் சிதைந்திருந்தது. ஆகவே நாடகம் நியூ தியேட்டரில். ஊரில் துணிக்குக் கூப்பன். வானத்திலிருந்து ஜெர்மன் ராக்கெட்டுகள். அந்த நிலைமையிலும் லண்டன்காரர்கள் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து, உடையில் ஓர் அரசனைப் பார்த்தார்கள். ஏழு மாதம் கழித்து டோரிஸ் பெல்சனில் நின்றார். செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் அமைப்பும் சேர்ந்து நடத்திய நிவாரணப் பணிக்கு அவர் ஓவியராகப் போயிருந்தார். பிரஸ்ஸல்ஸில் தலைமையகம். நேரில் போய்க் கோட்டோவியம் எடுத்துவந்து அங்கே முடிப்பார்.

பெல்சனில் இன்னொரு விஷயமும் நடந்தது. குளிப்பாட்டி, மருந்து கொடுத்துத் தேறியவர்களுக்கு உடை வேண்டுமே? சுற்றுவட்டார ஜெர்மன் ஊர்களிலிருந்து துணிமணி திரட்டி ஒரு கிடங்கு வைத்தார்கள். லண்டனின் பெரிய கடையின் பெயரால் அதை 'ஹாரட்ஸ்' என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். பெண்கள் அங்கே போய்த் தங்களுக்குப் பிடித்த சட்டையை, பாவாடையை எடுத்துக்கொள்ளலாம். கிடைத்ததைப் போட்டுக்கொள் என்று யாரும் திணிக்கவில்லை, அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். 'ஆள் பாதி ஆடை பாதி' என்று நாம் கல்யாண வீட்டில் சொல்லிச் சிரிப்போம். முகாமில் வெறும் எண்ணாக இருந்தவள் ஒருத்தி, எனக்கு இந்த நீலப் பாவாடை வேண்டும் என்று கை நீட்டினால், அந்தப் பாதியோடு மறுபாதியும் திரும்பி வருகிறது.

எனக்கே இதில் ஓர் அனுபவம் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஓர் அறுவை சிகிச்சை. புடவையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, முதுகுப் பக்கம் கட்டுகிற பச்சை அங்கியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அதில் நாடா அறுந்திருந்தது. பின்பக்கம் முழுக்கத் திறந்து கிடக்க, ஒரு கையால் பிடித்தபடி வராண்டாவில் ஸ்ட்ரெச்சருக்காக நின்றேன். போகிறவர் வருகிறவர் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பெயரைக் கூடக் கேட்கவில்லை, கட்டில் எண்ணைத்தான் கேட்டார்கள். துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மா ஒருவர் வாளியை வைத்துவிட்டு வந்தார். தன் தாலிக்கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, அங்கியை இழுத்துச் சேர்த்துக் குத்திவிட்டார். "பயப்படாத கண்ணு, போய்ட்டு வா" என்றார். வலியெல்லாம் மறந்துவிட்டது. அந்த ஊக்கை இன்னும் வைத்திருக்கிறேன். எனக்கு நடந்ததைப் பெல்சனோடு ஒப்பிடத் துணிய மாட்டேன். ஆனால் உடுப்பை அற்பம் என்று யாராவது சொன்னால் அந்த வராண்டா நினைவுக்கு வருகிறது.

பெல்சனின் கெட்ட கனவுகள் டோரிஸைக் கடைசிவரை விடவில்லை என்று அவர் மகன் சொல்லியிருக்கிறார். 1946இல் கணவர் இறந்துவிட்டார். அதற்குப் பிறகும் டோரிஸ் மேடைக்குத் திரும்பி உடை வரைந்தார். இதை நான் பெரிதாக நினைக்கிறேன். அந்த லாயத்தைப் பார்த்த பிறகும், ஒரு நடிகையின் இடுப்புக்குத் துணி எங்கே சுருக்கம் விழ வேண்டும் என்று உட்கார்ந்து யோசிக்க அவருக்கு மனம் இருந்தது. அவருடைய இரட்டைப் பெண்கள் ஜேனட்டும் ஆனும் குழந்தைப் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவர்களானார்கள். டால்மேஷியன் நாய்க்குட்டிகளின் கதைக்கு 1956இல் வரைந்தவர்கள் அவர்கள்தான். டோரிஸ் 1991 ஜனவரியில், தொண்ணூறு வயதைத் தாண்டி, சஃபோக்கில் இறந்தார்.

அந்தப் பன்னிரண்டு வேட்டிகளைப் பற்றி இன்னும் விவரமாக எழுதுங்கள். என்ன சாயம், விளக்கில் எப்படித் தெரிந்தது, வியர்வையில் ஒட்டிக்கொண்டதா? அடுத்த நாடகத்தில் ஒத்திகையன்று விளக்கைப் போடச் சொல்லிவிட்டு, அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்காருங்கள். யார் ராஜா, யார் சேவகன் என்று அவரிடமே கேளுங்கள்.

அன்புடன்